பெண்கள் அறை டீவி

கல்முனைப் பிரதான வீதியில் அபுல் ஹஸன் வைத்திருந்த ஸ்டூடியோவின் பின்பக்கத்தில் பெண்களுக்கென்று தனி அறை இருந்தது. அதில் படம் எடுத்தவள் அவருடைய மனைவி சபூறா. ஆட்கள் வராத மத்தியானங்களில் அவர்தான் அவளுக்குத் தொழிலைப் பழக்கினார். தானே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னையே எடுக்கச் சொல்வார். கழுவி வந்த படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் முன்னால் வைத்துக் குறை சொல்வார்.

"இதுல நான் கோழி களவெடுத்தவன் மாதிரி இரிக்கன். லைட்டக் கீழ வெச்சா எந்த மனிசனும் கள்ளன்தான்."

"லைட்டுல மட்டும் பிழையில்ல" என்பாள் சபூறா.

ஆனால் அடுத்த படத்தில் விளக்கு உயர்ந்திருக்கும். ஒரு பிழையை அவள் இரண்டாம் தரம் விட்டதில்லை. அவர் அவளைப் புகழ்ந்ததுமில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத நாளில் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைவார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சபூறா ஒரு மணப்பெண்ணைப் படமெடுக்க ஸ்டூடியோவில் நின்றாள். அபுல் ஹஸனும் மகள் ஹிதாயாவும் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். தண்ணீர் ஸ்டூடியோ வாசலை எட்டவில்லை. வீடு போனது, அபுல் ஹஸனும் போனார். பதினான்கு வயது ஹிதாயாவை யாரோ கூரைத் தகரத்துக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். தகரம் அவளுடைய இடது கன்னத்தைக் காதடியிலிருந்து தாடைவரை கிழித்திருந்தது. காயம் ஆறிய பிறகும் தழும்பு கயிறு ஒட்டியதுபோலத் தடித்து நின்றது.

கணவன் இறந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் சபூறா கடையைத் திறந்தாள். முன்பக்கத்தைக் கைத்தொலைபேசி விற்பவனுக்கு விட்டுவிட்டு, பெண்கள் அறையை மட்டும் நடத்தினாள். உதவி நிறுவனம் ஒன்று அவளுக்கு டிஜிட்டல் கெமரா கொடுத்திருந்தது. எடுத்த படத்தை அதன் பின்புறக் கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம் என்றார்கள். கண்ணாடியோ தீப்பெட்டி அளவு. சபூறாவுக்குக் கிட்டத்தில் உள்ளவை மங்கத் தொடங்கிய வயது. பெட்டிக்குள் கிடந்த வயரின் ஒரு முனையைக் கெமராவிலும், மறு முனையை அபுல் ஹஸன் கல்யாண வீடியோ போட்டுக் காட்ட வாங்கி வைத்திருந்த பெரிய டீவியிலும் செருகிப் பார்த்தாள்.

டீவியில் வந்த முகத்தைக் கண்டு அவள் ஒரு அடி பின்னால் போனாள். தீப்பெட்டிக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே நின்றது. கழுத்துப் பட்டியில் பிரிந்த நூல், மேலுதட்டு மயிர், மூக்கின் ஓரத்தில் அப்பாமல் விட்ட பவுடர். அன்றிலிருந்து வயர் இல்லாமல் அவள் படம் எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் டீவியில் பார்த்து, விளக்கை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி எடுப்பாள். ஹிதாயா வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்தின் மறுபக்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பாள். "சபூறா ராத்தாட படத்தில ஒரு நூல் பிசகாது" என்று பெயர் வந்தது.

அந்தப் பெயரோடு ஒரு வழக்கமும் வந்தது. அகதி முகாம்களிலும், ஒரே அறையில் இரண்டு குடும்பங்களாகவும் சனங்கள் கிடந்த காலம். பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைக்க யாரிடமும் மண்டபம் இல்லை. சபூறாவின் அறையில் உட்கார நீள வாங்கு இருந்தது, மின்விசிறி இருந்தது. பெண்ணைப் படம் எடுக்கக் கூட்டிவருவதுபோலக் கூட்டிவந்தார்கள். அறைக்கு நடுவே துணித்திரை. அந்தப் பக்கம் ஸ்டூலும் விளக்குகளும் பெண்ணும். இந்தப் பக்கம் வாங்கும் டீவியும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும். திரையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில், கெமராவோடு சபூறா.

டீவிக்கு மேல் ஒரு பேணியில் கற்கண்டு இருக்கும். பெண் பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் தாய் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், தன் கையால் திரையை விலக்கி, பெண்ணின் வாயில் வைப்பாள். பிடிக்காவிட்டால் வந்தவர்கள் பின்கதவால் போய்விடுவார்கள். பெண் விளக்குக்கு முன்னால் காத்திருப்பாள். பிறகு சபூறா திரையை விலக்கும்போது அவளுக்கு வெறும் வாங்கு தெரியும்.

வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்ட பிறகும் வழக்கம் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குள் போய் அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெண் வேண்டாமென்று சொல்வதைவிட இது லேசாக இருந்தது. வேண்டியபடி பார்க்கவும் முடிந்தது.

"ராத்தா, அந்தப் பல்லுப் பக்கத்தக் கொஞ்சம் பெரிசாக்குங்க."

சபூறா கெமராவின் பொத்தானை அமத்துவாள். முகம் வாயாகும். இன்னொரு தரம் அமத்தினால் வாய் ஒரு பல்லாகும்.

"அது சொத்தையா, நிழலா?"

"சொத்த" என்பாள் சபூறா. "நிழல் இப்பிடி விழாது."

ஒரு தரம் சாய்ந்தமருதிலிருந்து வந்த பெண்ணுக்குக் காதின் பின்னால் வெள்ளைத் தேமல் இருந்தது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் அது தெரியவில்லை. மாப்பிள்ளையின் மூத்த சகோதரி சும்மா கேட்டாள்: "பின்பக்கம் எல்லாம் சரிதானே?" சரி என்று சொல்லியிருக்கலாம். சபூறா போய்ப் பெண்ணின் தலையைத் தன் கையால் திருப்பி, விளக்கைக் கிட்டே இழுத்து, காதடியை எடுத்தாள். டீவி நிறைய அந்த வெள்ளை வந்து நின்றது. பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அந்தப் பெண் ஸ்டூலில் இருந்தபடியே கேட்டாள்: "போயிட்டாங்களா மாமி?"

"ஓம் மகள். எழும்பு. அடுத்த ஆக்கள் நிக்கிறாங்க."

ஹிதாயா அன்று சோறு தின்னவில்லை. "நீங்க ஏன் உம்மா திருப்பினீங்க?"

"நான் பொய்ப் படம் புடிக்கிறல்ல" என்றாள் சபூறா.

அப்படித்தான் ஹிதாயாவுக்குப் பத்தொன்பது வயது வரும்வரை போனது. பலகை பிடித்துப் பிடித்து, எந்தப் பெண்ணுக்குத் திரை விலகும், எந்தப் பெண்ணுக்கு விலகாது என்று அவளுக்கும் முன்கூட்டியே தெரிந்தது. தன் முகத்தை அவள் டீவியில் ஒருபோதும் பார்த்ததில்லை. சபூறா அவளை அந்த ஸ்டூலில் உட்காரவைத்ததே இல்லை.

கல்யாணம் பேசுகிற பக்கீர் முகைதீன் நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பாடசாலை ஆசிரியர். சபூறாவுக்குக் கிடைத்திருந்த, மகளுக்குச் சீதனமாகப் போகிற புது வீட்டை மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து சுற்றிப் பார்த்துச் சரி என்றார்கள். மிச்சமிருந்தது பெண் மட்டும்தான். இதற்கு முன் வந்த சம்பந்தங்களெல்லாம் தழும்பைப் பற்றிக் கேள்விப்பட்டே பாதி வழியில் நின்றவை. நிந்தவூர்க்காரருக்கு அது தெரியாது. ஹிதாயாவுக்கு வாய்த்த கடைசிச் சம்பந்தம் இதுதான் என்று சபூறா நினைத்தாள்.

"கன்னத்தில காயம் எண்டு செல்லத்தான் வேணும்" என்றார் பக்கீர் முகைதீன். "ஆனா முதல்ல புள்ளையில விருப்பம் வரட்டும். விருப்பம் வந்தா காயம் சின்னனாயிரும்."

"திரையத் திறந்துபோட்டே காட்டுங்க உம்மா" என்றாள் ஹிதாயா. "நேர பாக்கட்டும். வேணாமெண்டா போகட்டும்."

"நீ வாயப் பொத்து."

ஒரு விளக்கு வலப்பக்கம், உயரத்தில். இடது கன்னம் நிழலுக்குள். ஆனால் நிழல் கறுப்பாக விழுந்தால் எதையோ மறைப்பதாகத் தெரிந்துவிடும். நிழலுக்குள்ளும் சதை தெரிய வேண்டும், தழும்பு தெரியக்கூடாது. இதை மகளை உட்காரவைத்துப் பார்க்கச் சபூறாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டுப் பஸ்மிலாவைக் கூப்பிட்டாள். தாயும் தகப்பனும் கடலோடு போனபின் சாச்சியோடு இருக்கிற பெண் அவள். ஹிதாயாவின் வயது, முகவெட்டும் ஏறத்தாழ அதுதான்.

"ஒரு படம் சும்மா எடுத்துத் தாறன், வா" என்றாள் சபூறா.

பஸ்மிலா ஒரு நீலச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். சபூறா புருவம் தீட்டும் பென்சிலால் அவளுடைய இடது கன்னத்தில், காதடியிலிருந்து தாடைவரை, தடித்த கோடு ஒன்று கீறினாள். கோடு டீவியில் தெரியாமல் போகும்வரை விளக்கை நகர்த்தினாள். பலகை பிடித்து நின்ற ஹிதாயாவுக்குத் தன் முகம் இன்னொருத்தியின் முகத்தில் கீறப்பட்டிருப்பது விளங்கியது.

"மாமி, கூசுது" என்று பஸ்மிலா சிரித்தாள். "என்னத்துக்கு இந்தக் கோடு?"

"லைட்டுக்கு."

பின்னேரம் ஆகும்போது கோடு மறைந்தது. சபூறா விளக்குகளின் கால்களைச் சுற்றி நிலத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள். பஸ்மிலாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, சொன்ன சொல்லுக்காக ஒரு படம் எடுத்தாள். கூச்சம் இன்னும் தீராத சிரிப்போடு பஸ்மிலா கெமராவைப் பார்த்தாள்.

டீவியில் வந்ததைச் சபூறா நின்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் எடுத்த படங்களில் அதுதான் படம். கோட்டோடு எடுத்தவற்றையெல்லாம் அழித்தாள். இதை மட்டும் கெமராவில் வைத்தாள். நாளைக்கு வெளிச்சம் இதே அளவில் இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க உதவும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"நல்லா வந்திரிக்கா மாமி?"

"நல்லா வந்திரிக்கி. நாளண்டைக்கு வந்து எடு."

மறுநாள் நிந்தவூர்ப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்ன வாரம் அது. சந்தியில் யாரோ பாற்சோறு பங்கிட்டார்கள். கொடி கட்டிய ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு மேலும் கீழும் போயின. எதிர்ப்பக்கம் தமிழரான கந்தப்போடியின் தையல்கடைக் கதவு பூட்டியிருந்தது. பக்கீர் முகைதீன் முன்கடையில் தங்கிவிட்டார். மாப்பிள்ளையின் தாய் மரியங்கண்டுவும் மூத்த மகளும் உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்தார்கள்.

"இதுதானா அந்த டீவி" என்றாள் மரியங்கண்டு. "நிந்தவூர்ல இதப் பத்தித்தான் கதை. உள்ளுக்க உள்ள ஈரலையும் காட்டுமாமே?"

"மூக்கு மட்டும்தான் உம்மா காட்டும்" என்றாள் மகள். "ஈரலக் கல்யாணத்துக்குப் பொறகுதான் பாக்கலாம்."

மூவரும் சிரித்தார்கள். திரைக்கு அப்பால் மெரூன் சட்டையில் ஹிதாயா உட்கார்ந்திருந்தாள். விளக்குகள் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றன. எடுக்குமுன் வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுப்பது சபூறாவின் வழக்கம். அந்த வேலையை நேற்றே முடித்துவிட்டதால் அன்று நேராகவே எடுத்தாள்.

அவள் அமத்திய அதே கணத்தில் ஜன்னலுக்கு வெளியே பக்கத் தெருவில் சீனவெடிச் சரம் வெடித்தது.

ஹிதாயா திடுக்கிட்டு வலப்பக்கம், விளக்கின் பக்கமாக, முகத்தைத் திருப்பினாள். மரியங்கண்டுவும் மகளும் எழும்பி ஜன்னலைப் பார்த்தார்கள். டீவியைப் பார்த்தது சபூறா ஒருத்திதான். வாய் திறந்து, கண் பிதுங்கி, இடது கன்னத்துத் தழும்பு மொத்தமும் வெளிச்சத்தில் மினுங்க, தன் மகள் டீவி நிறைய நிற்பதை அவள் கண்டாள்.

கை தானாகப் பின் பொத்தானை அமத்தியது. படம் பிசகினால் பின்னால் போய் முன்னைய படத்தைக் காட்டுவது அவளுடைய கைப்பழக்கம். ஆனால் ஹிதாயாவுக்கு முன்னைய படம் என்று ஒன்று கெமராவில் இல்லை.

பெண்கள் இருவரும் திரும்பி உட்கார்ந்தபோது டீவியில் பஸ்மிலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாஷா அல்லாஹ்" என்றாள் மரியங்கண்டு.

சபூறா மரியங்கண்டுவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ தாய்மார் இந்த டீவியைப் பார்க்கிற பார்வையைச் சபூறா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எல்லோரும் குறை தேடுவார்கள். மரியங்கண்டு தேடவில்லை. மடியில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிசாக்குங்க ராத்தா" என்றாள் மகள்.

சபூறா பெரிதாக்கினாள்.

"கன்னத்தப் பாருங்க உம்மா. பொடி மாசு இல்ல. வரக்குள்ள என்னமோ காயம் கீயம் எண்டு புறோக்கர் இழுத்தாரே?"

"அவருக்கு வேறென்ன வேல" என்றாள் மரியங்கண்டு. "என்ட மகன் குடுத்து வெச்சவன்."

இப்போதும் சொல்லியிருக்கலாம். படம் மாறிவிட்டது, இது வேறு பிள்ளை. சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய அளவு சின்னப் பிழைதான். சபூறா பொத்தானில் விரலை வைத்தபடி நின்றாள். அதற்குள் மரியங்கண்டு எழும்பி, பேணியைத் திறந்து, கற்கண்டு ஒன்றை எடுத்தாள்.

"இன்னும் ஒண்டு எடுக்கணும்" என்று சபூறா திரையைப் பிடித்தாள். "கொஞ்சம் இருங்க மச்சி."

"பாத்தது போதும், விடுங்க." மரியங்கண்டு அவளுடைய கையைச் செல்லமாகத் தட்டிவிட்டுத் திரையை விலக்கினாள்.

ஹிதாயா திரை விலகியதைக் கண்டாள். மாப்பிள்ளையின் தாய் கற்கண்டோடு நிற்பதைக் கண்டாள். அவளுடைய முகம் முழுவதும் மலர்ந்தது. சிரிப்பில் தழும்பு இழுபட்டு வாய் ஒரு பக்கம் கோணியது. வாய் திறந்தபடி அவள் காத்திருந்தாள்.

மரியங்கண்டு அவளைப் பார்த்தாள். திரும்பி டீவியைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"நீ ஆரு மகள்? பொண்ணுட தங்கச்சியா?"

"நான்தான் ஹிதாயா."

"அப்ப அங்க இருக்கிறது?"

ஹிதாயா எட்டி டீவியைப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது. வாயை மூட அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மூத்த மகள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். ஏச்சு ஒன்றும் வரவில்லை. வாங்கில் இருந்தபடியே டீவியைக் காட்டி, சாமான் விலை கேட்பதுபோலக் கேட்டாள்: "சரி ராத்தா, நடந்தது நடந்திட்டு. இந்தப் புள்ள ஆர்ற புள்ள? ஆருக்கும் பேசி வெச்சிரிக்கா?"

"நல்ல கேள்வி" என்றாள் மரியங்கண்டு. "வந்ததும் வந்தம். எங்க வீடு? நடக்கிற தூரமா?"

ஹிதாயா தாயைப் பார்த்தாள். பஸ்மிலா அந்நேரம் அடுத்த வீட்டில் சாச்சியின் பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு கிடையாது, கேட்டு வர ஆள் கிடையாது. வந்தவர்களோ இப்போது சீதன வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அது மௌத்தாப் போன புள்ள" என்றாள் சபூறா.

"ஆ?"

"சுனாமில மௌத்து. பழைய படம். தவறி வந்திட்டு."

"இன்னா லில்லாஹ்" என்றாள் மரியங்கண்டு. கற்கண்டைப் பேணிக்குள் போட்டு மூடினாள். ஆனால் போகவில்லை. டீவிக்கு முன்னால் வந்து நின்றாள். "என்னா வடிவு. இன்னொருக்காப் பெரிசாக்குங்க ராத்தா. கண்ண மட்டும்."

சபூறா பெரிதாக்கினாள். மூன்று பேரும் பஸ்மிலாவின் கண்ணைப் பார்த்தார்கள். விலக்கிய திரைக்கு அப்பால், ஆயிரம் வாட் வெளிச்சத்தில், ஹிதாயா கையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"நல்லதெல்லாம் அல்லாஹ் எடுத்திட்டான்" என்றாள் மரியங்கண்டு. "இருக்கிறதத்தான் நாங்க பாக்க வேண்டியிரிக்கி."

மூத்த மகள் கைப்பையை எடுத்தாள். "ராத்தா, ஒண்டு செல்றன். மாப்பிள்ள எடுக்கிறண்டா உசிரோட உள்ள புள்ளட படத்தக் காட்டணும்."

பின்கதவு சாத்தியது. சபூறா போய் விளக்குகளை அணைத்தாள். ஹிதாயா ஸ்டூலை விட்டு எழும்பவில்லை.

"போயிட்டாங்களா உம்மா?" என்று கேட்டாள். அவர்கள் போனதை அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

சபூறா கெமராவை எடுத்தாள். பஸ்மிலாவின் படம் பிரதியாகி ஒரு வீட்டுச் சுவரில் ஏறினால், நிந்தவூர்வரை கதை போக ஒரு கிழமை வேண்டாம். நிச்சயமாக அழிக்கவா என்று கெமரா கேட்டது. அழிக்கச் சொன்னாள். டீவியில் அதற்குப் பின்னால் இருந்த படம் வந்தது. வாய் திறந்த ஹிதாயா. இந்தத் தடவை ஹிதாயாவும் அதைப் பார்த்தாள். கெமரா மறுபடி கேட்குமுன் சபூறா வயரைப் பிடுங்கினாள்.

அடுத்த நாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்காக விளக்குகளைப் போட்டு வைத்திருந்த நேரம் பஸ்மிலா வந்தாள். இரவல் நீலச் சட்டையைக் கழுவி மடித்துக் கையில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிற வழி.

"மாமி, என்ட படம்?"

"படம் விழல்ல" என்றாள் சபூறா.

"நல்லா வந்திரிக்கி எண்டு சென்னீங்களே?"

"பெரிசாக்கிப் பாத்தா சரியில்ல. உன்ட முகத்துக்கு அது பொருந்தல்ல."

பஸ்மிலா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோடு கீறிய கன்னம். "எங்களுக்கெல்லாம் படம் என்னத்துக்கு எண்டு சாச்சியும் ஏசினா" என்று சிரித்தாள். பிறகு விளக்குகளைப் பார்த்தாள். "லைட் போட்டுத்தானே இரிக்கி. சட்டையும் கையில இரிக்கி. இன்னொண்டு டக்கெண்டு எடுப்பமா மாமி?"

சபூறா ஹிதாயாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹிதாயா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நடந்து போய் விளக்கின் சுவிட்சை அணைத்தாள்.

"லைட் பழுது" என்றாள் பஸ்மிலாவிடம்.